தமிழ்த் திரை பேசிய கதை – 14: பத்த வச்சிட்டியே பரட்டை!

எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸுக்கு ஒரு படம் வந்து சேர, பட்டணத்தில் அது ஓடி முடிந்து ஏழெட்டு மாதமாவது ஆகும். ‘16 வயதினிலே’யும் அப்படித்தான் வந்தது. மணலைக் குவித்து மேடாக்கி, அதன்மேல் உட்கார்ந்து பார்த்தோம். மறுநாள் காலை தெருக்குழாயடியில், குடம் வைக்கிற வரிசையில் ஒரு தகராறு. ஒருத்தி இன்னொருத்தியைப் பற்றி எப்போதோ சொன்னதை மூன்றாவது ஒருத்தி போகிறபோக்கில் போட்டு உடைத்துவிட்டாள். இரண்டு பேருக்கும் மூண்டுவிட்டது. வரிசையின் கடைசியில் நின்றிருந்த ஒரு கிழவி, போட்டு உடைத்தவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “பத்த வச்சிட்டியே பரட்டை” என்றாள். சண்டை போட்டுக்கொண்டிருந்த இருவரும்கூடச் சிரித்துவிட்டார்கள். குடங்கள் தானாக நகர்ந்தன.

இந்தத் தொடரில் இதுவரை நாம் பார்த்த வசனங்களை எல்லாம் உட்கார்ந்து மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. 1952இல் ‘பராசக்தி’யின் நீதிமன்றம், 1954இல் ‘மனோகரா’வின் தர்பார், 1959இல் ஜாக்சன் துரைக்கு முன்னால் நின்ற கட்டபொம்மன். இவற்றை ஒப்பிக்க நல்ல தொண்டை வேண்டும், மூச்சு வேண்டும், கேட்க நாலு பேர் எதிரே இருக்க வேண்டும். பள்ளி ஆண்டு விழாவில் அட்டைக் கிரீடம் வைத்துக்கொண்டு அந்த வசனங்களைப் பேசாத தலைமுறை இல்லை. குழாயடிக் கிழவிக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. மூன்றே சொல். முந்தின நாள் ராத்திரி காதில் வாங்கினாள், விடிந்ததும் செலவழித்தாள். 1977 முதல் 1987 வரையிலான பத்தாண்டில் தமிழ் சினிமா வசனத்துக்கு என்ன நேர்ந்தது என்பதை எனக்கு முதலில் காட்டிக் கொடுத்தவள் அவள்தான்.

‘16 வயதினிலே’ 1977 செப்டம்பரில் வெளிவந்தது. பாரதிராஜாவுக்கு அது முதல் படம். எஸ்.ஏ. ராஜ்கண்ணு தயாரிப்பு, வசனம் பி. கலைமணி. கமல்ஹாசன் சப்பாணி, ஸ்ரீதேவி மயிலு, ரஜினிகாந்த் பரட்டை, காந்திமதி குருவம்மாள். பரட்டைக்கு ஒத்து ஊதுகிற ஆளாக வருபவர் கவுண்டமணி. அப்போது அவர் பெயர் பலருக்குத் தெரியாது. பரட்டை ஊருக்குள் ஏதாவது வம்பைக் கிளப்பிவிட்டு வரும்போது, பக்கத்தில் இருந்து அவர் சொல்லும் வரிதான் அது. பாராட்டுகிறாரா, பயப்படுகிறாரா, கண்டிக்கிறாரா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்த ‘-யே’ என்ற இழுப்பில் மூன்றும் இருக்கின்றன. வினைச்சொல் முன்னால் வந்து, பெயர் பின்னால் தொங்குகிறது. நம் வீட்டுப் பேச்சில் பதற்றம் வந்தால் வாக்கியம் இப்படித்தான் திரும்பி விழும். “வந்துட்டானே பாவி”, “கொட்டிட்டியே தாயி.” கலைமணி புதிதாக எதையும் செய்துவிடவில்லை. ஊரில் புழங்கிய ஒரு வாக்கிய அச்சை எடுத்து, அதில் ஒரு பெயரை ஊற்றினார். அதனால்தான் அது ஊருக்கே திரும்பிப் போனது. நாற்பத்தைந்து ஆண்டுக்கு மேலாகியும், படத்தைப் பார்க்காத பிள்ளைகள்கூடக் கோள் சொல்கிறவனைப் பரட்டை என்றே கூப்பிடுகிறார்கள்.

அதே படத்தில் பரட்டை சொல்லும் “இது எப்படி இருக்கு?” இன்னும் வேகமாகப் பரவியது. தன் அட்டகாசத்துக்குத் தானே மதிப்பெண் கேட்கிற வில்லனின் கேள்வி அது. அடுத்த ஆண்டே, 1978இல், அதையே பெயராக வைத்து ஜெய்சங்கர் நடித்த ஒரு படம் வந்துவிட்டது. எழுத்தாளர் சுஜாதாவின் ‘அனிதா இளம் மனைவி’ நாவலுக்குத் திரையில் கிடைத்த பெயர் ‘இது எப்படி இருக்கு’. வேறொருவர் நாவலுக்கு, வேறொரு படத்து வில்லனின் வார்த்தை தலைப்பானது என்றால் அந்த நாலு மாத ஆறு மாதத்தில் அது எத்தனை வாய்க்குள் புகுந்து வந்திருக்க வேண்டும்!

ஆனால் எனக்கு அந்தப் படத்தில் மனம் ஒட்டிய பேச்சு சப்பாணியுடையது. சந்தைக்குப் போகணும், காசு குடு, ஆத்தா வையும் என்று திக்கித் திணறி அவன் கேட்கிறானே, அந்த இடம். கூலி கேட்பதற்குக்கூட ஆத்தாளின் கோபத்தைத் துணைக்கு அழைக்க வேண்டியிருக்கிற ஒருவனின் பேச்சு. கதாநாயகன் என்றால் திருத்தமாகப் பேசுகிறவன் என்று கால் நூற்றாண்டாகப் பழகியிருந்த காதுக்கு, வாயில் எச்சில் வழிய, சொல் முன்னுக்குப் பின்னாக விழப் பேசுகிற நாயகன் பெரிய அதிர்ச்சி. அதைக் கேலி செய்து எத்தனையோ பேர் பின்னால் நடித்துக் காட்டிவிட்டார்கள். முதன்முதலாக மணல்மேட்டில் உட்கார்ந்து கேட்டபோது எங்களுக்குத் தொண்டை அடைத்தது.

இந்தப் பேச்சு மாற்றத்துக்கு எழுத்தாளர்கள் மட்டும் காரணம் இல்லை. ஒலிப்பதிவு முறையும் ஒரு காரணம். ஸ்டூடியோ தளத்தில் படமெடுத்த காலத்தில் நடிகரின் தலைக்கு மேல் மைக் தொங்கும். பேசப் பேசவே பதிவாகும். ஆகவே நின்று, நிமிர்ந்து, தெளிவாகப் பேசியாக வேண்டும்; நாடக மேடையில் பழகிய குரல் அதற்குப் பொருத்தமாக இருந்தது. படப்பிடிப்பு கிராமத்துக்குப் போனபோது, கூடப் போன ஆரிஃபிளெக்ஸ் கேமரா தையல் மிஷின் மாதிரி சத்தம் போடும். காற்று வேறு, வேடிக்கை பார்க்கும் கூட்டம் வேறு. அங்கே எடுத்த குரல் ஒரு அடையாளத்துக்குத்தான். பிறகு டப்பிங் தியேட்டரின் இருட்டில், காட்சித் துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, உதட்டசைவுக்கு ஏற்பப் பேசிச் சேர்த்தார்கள். மைக் இப்போது வாய்க்கு அரை அடியில். முணுமுணுத்தாலும் பதிவாகும், பெருமூச்சும் பதிவாகும். சின்ன வார்த்தைக்குத் திரையில் இடம் கிடைத்ததில் இந்த அரை அடிக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்த இருட்டறையில் இன்னொன்றும் நடந்தது. முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. ‘புதிய வார்ப்புகள்’ படத்தில் பாக்யராஜுக்குப் பேசியவர் கங்கை அமரன். மோகன் என்றதும் நம் காதில் விழும் அந்த மெல்லிய குரல் எஸ்.என். சுரேந்தருடையது. ‘முதல் மரியாதை’யில் ராதாவுக்கு ராதிகா குரல் கொடுத்தார். நாம் ஒரு நடிகரின் வசனம் என்று நினைவில் வைத்திருப்பது பல நேரம் இரண்டு பேரின் உழைப்பு. வசனத்தின் வரலாற்றை எழுதும்போது அந்த இரண்டாவது ஆளை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

இனி மகேந்திரன். இந்தப் பத்தாண்டைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் பேனா அவரிடம்தான் போய் நிற்கிறது. காரணம், பழைய வசனத்தையும் அவர் எழுதினார், அதை விட்டு வெளியேயும் வந்தார். 1974இல் சிவாஜிக்கு ‘தங்கப் பதக்கம்’ எழுதியவர் அவர். எஸ்.பி. சௌத்ரி நடந்து வந்தாலே வசனம் வரும் என்று ரசிகர்கள் காத்திருந்த படம். அந்தப் புகழை நம்பித்தான் தயாரிப்பாளர் வேணு செட்டியார் ‘முள்ளும் மலரும்’ படத்தை அவரிடம் கொடுத்தார். உமாசந்திரனின் நாவல், பாலுமகேந்திராவின் ஒளிப்பதிவு, 1978 ஆகஸ்ட் வெளியீடு. படத்தைப் போட்டுப் பார்த்த செட்டியார், வசனமே இல்லையே என்று மனம் நொந்துபோனார். மகேந்திரனே இதைச் சொல்லியிருக்கிறார். செட்டியாரை நான் குறை சொல்ல மாட்டேன். கடையில் எடை போட்டு வாங்குவதுபோல் வசனத்தை வாங்கிய காலம் அது. பேசாமல் நிற்கிற ரஜினியைப் பார்த்து, கொடுத்த காசுக்குச் சரக்கு எங்கே என்று அவர் தேடியதில் வியப்பில்லை.

சரக்கு இருந்தது. மலை ஏறி இறங்கும் விஞ்சை இயக்குகிறவன் காளி. கையை இழந்துவிட்டான், வேலையும் போய்விட்டது. இஞ்சினியர் எதிரே நிற்கிறான். இரண்டு கையும் இரண்டு காலும் போனாலும் காளி என்கிறவன் பிழைத்துக்கொள்வான் சார் என்று சொல்லிவிட்டு, கடைசியில் வைப்பான்: “கெட்ட பய சார் அவன்.” தன்னையே ‘அவன்’ என்று தள்ளி நிறுத்திப் பேசுகிற இடத்தைக் கவனியுங்கள். நம் ஊரில் மனிதர்கள் தாங்க முடியாத அவமானத்தில் இப்படித்தான் பேசுவார்கள். ‘நான்’ என்று சொன்னால் குரல் உடைந்துவிடும். ‘இவன்’, ‘அவன்’, ‘இந்தக் கட்டை’ என்று எட்ட நின்று சொன்னால் சொல்லி முடித்துவிடலாம். ‘சார்’ வேறு விடாமல் வருகிறது. வேலையைப் பறித்தவனுக்குக் கொடுக்கிற மரியாதையும் அதுவே, அறைகிற அறையும் அதுவே. பிற்காலத்தில் ரஜினிக்கு எழுதப்பட்ட நூறு ‘பஞ்ச்’ வசனங்களும் இந்த ஒரு வரியின் பேரப்பிள்ளைகள். பாட்டன் அழுதுகொண்டே பேசினான் என்பதைப் பேரன்கள் மறந்துவிட்டார்கள்.

அந்தப் படத்தின் முடிவும் அப்படித்தான். தங்கை வள்ளி தன்னைத் தேடித் திரும்பி வந்ததும் காளி அவளைத் தானே கூட்டிக்கொண்டு போய் இஞ்சினியரிடம் ஒப்படைக்கிறான். இந்த நேரத்தில்கூட உங்களை எனக்குப் பிடிக்கவில்லை சார் என்று முகத்துக்கு நேரே சொல்கிறான். முறுக்கு அவிழாமலே அன்பு வெளியே வருகிறது. நாயகன் திருந்திக் கைகூப்பி மன்னிப்புக் கேட்டு ஒரு பக்கம் பேச வேண்டிய இடம் அது. ‘தங்கப் பதக்கம்’ எழுதிய கைக்கு அந்தப் பக்கத்தை எழுத ஐந்து நிமிஷம் போதும். எழுதவில்லை.

அடுத்த ஆண்டு ‘உதிரிப்பூக்கள்’. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யில் இருந்து கிளம்பிய படம். ஊரையே துன்புறுத்திய சுந்தரவடிவேலுவை ஊர் ஒன்று திரண்டு ஆற்றுக்குக் கொண்டுவருகிறது. விஜயன் திரும்பிப் பார்க்கிறார். இவ்வளவு நாளும் நீங்களெல்லாம் நல்லவர்களாக இருந்தீர்கள், இன்றைக்கு உங்களையும் என்னைப்போல் ஆக்கிவிட்டேன், நான் செய்ததிலேயே பெரிய தப்பு இதுதான் என்ற பொருளில் அவர் சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்குகிறார். தண்டனை பெறுகிறவன் தண்டிக்கிறவர்களுக்காக வருத்தப்படுகிறான். அந்த வரியைக் கேட்டு யாரும் விசில் அடித்து நான் பார்த்ததில்லை. வெளியே வந்து டீக்கடையில் அதைத் திருப்பிச் சொல்லியும் பார்த்ததில்லை. சில வசனம் வாயில் நிற்கும், சில வசனம் நெஞ்சில் நிற்கும். இது இரண்டாவது வகை. குழாயடிக்கு வராது. ஆனால் ஊர்ப் பஞ்சாயத்தில் நாலு பேர் சேர்ந்து ஒருத்தனை அடிக்கக் கிளம்பும்போதெல்லாம் எனக்கு அந்த ஆற்றங்கரை ஞாபகம் வரும்.

பாக்யராஜின் பேச்சு கலைமணி, மகேந்திரன் இருவரிடமிருந்தும் விலகியது. பாரதிராஜாவின் உதவியாளராக இருந்து வந்தவர். 1978இல் ‘கிழக்கே போகும் ரயில்’ படத்துக்கு வசனம் எழுதியவர். திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்கிறவனின் குரல் அவருடையது. 1981இல் ‘அந்த 7 நாட்கள்’ படத்தில் பாலக்காட்டு மாதவனாக, மலையாளம் கலந்த தமிழில், என் காதலி உங்களுக்கு மனைவியாகலாம், உங்கள் மனைவி எனக்குக் காதலியாக முடியாது என்று அவர் சொன்னதும் தியேட்டர் அதிர்ந்தது. நானும் கைதட்டினேன். வாக்கியத்தைத் திருப்பிப் போட்டு மடக்குகிற அந்தச் சாமர்த்தியம் அப்படி. பின்னால் யோசித்தபோதுதான் உறைத்தது: இரண்டு ஆண்கள் பேசி முடிவெடுக்கிறார்கள், அந்தக் காதலி வசந்தியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு வசனம் கைதட்டலை எவ்வளவு சீக்கிரம் வாங்குகிறதோ, அவ்வளவு சீக்கிரம் நம்மை யோசிக்க விடாமலும் செய்துவிடும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. வசந்திக்கு பதில் சொல்ல ஐந்து ஆண்டு கழித்து ஒருத்தி வருவாள். அவளைப் பிறகு பார்ப்போம்.

வசனம் சுருங்கிக்கொண்டே போனது என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். அப்படி எழுதினால் அது பொய். 1984 குறுக்கே நிற்கிறது. அந்த ஆண்டு வந்த ‘விதி’.

தெலுங்கு ‘நியாயம் காவாலி’யின் தமிழ் வடிவம். கே. பாலாஜி தயாரிப்பு, கே. விஜயன் இயக்கம். காதலித்து ஏமாற்றியவனைக் கூண்டில் ஏற்றி நியாயம் கேட்கிற பெண்ணாகப் பூர்ணிமா, ஏமாற்றியவனாக மோகன், அவளுக்காக வாதாடும் வக்கீலாகச் சுஜாதா. எதிர்த் தரப்பில் நிற்கும் ஜெய்சங்கரோடு அந்த வக்கீலுக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. வசனம் ஆரூர்தாஸ். 1961இல் ‘பாசமலர்’ எழுதிய அதே கை! பழைய பாணி முடிந்துவிட்டது என்று எல்லாரும் நினைத்திருந்தபோது, நீதிமன்றக் கூண்டு, கேள்வி, எதிர்க்கேள்வி, குரல் உயர்த்தல் எல்லாம் அப்படியே திரும்பி வந்தன. இந்த முறை கூண்டில் நின்று கேள்வி கேட்டவள் பெண்.

அந்தப் படத்தின் கதைவசன கேசட் போட்ட போடு இன்னொரு கேசட்டுக்கு நான் கண்டதில்லை. இசைத்தட்டில் கதைவசனம் நமக்குப் புதிதல்ல. ‘திருவிளையாடல்’ தருமியின் புலம்பல் ஒலிக்காத கோயில் கொடை ஏது? ஆனால் கேசட் மலிவு. டேப் ரெக்கார்டரும் வளைகுடாவில் இருந்து திரும்பியவர்களின் பெட்டியோடு தெருவுக்கு ஒன்று வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் பீடி சுற்றாத வீடு கிடையாது. மத்தியானம் ஒரு திண்ணையில் ஏழெட்டுப் பெண்கள் மடியில் தட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் டேப் ரெக்கார்டர். இலையை வெட்டி, தூளை வைத்து, உருட்டி, நூல் சுற்றிக்கொண்டே ‘விதி’ கேட்பார்கள். ஒரு பக்கம் முடிந்ததும், பீடித்தூள் ஒட்டிய விரலைப் பாவாடையில் துடைத்துவிட்டு ஒருத்தி கேசட்டைத் திருப்பிப் போடுவாள். நாள் ஆக ஆக, சுஜாதா அடுத்த கேள்வியைக் கேட்பதற்கு முன்பே திண்ணையில் ஒருத்தி கேட்டுவிடுவாள். மற்றவர்கள் கை நிற்காது, தலை மட்டும் ஆடும். அந்தப் பெண்களில் பாதிப் பேர் படத்தைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். அவர்களுக்குப் படம் வேண்டியிருக்கவில்லை. ஒரு பெண் சபை நடுவே நின்று ஒரு ஆணைப் பார்த்துக் கேள்வி கேட்கும் சத்தம் வேண்டியிருந்தது. அதை மூன்று சொல்லில் சொல்லிவிட முடியாது. நீளமாகத்தான் கேட்டாக வேண்டும்.

வானொலியையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒலிச்சித்திரம் என்று முழுப்படத்தையும் ஒரு மணி நேரத்தில் அடக்கி ஒலிபரப்புவார்கள். படத்தை முதலில் காதால் பார்த்து, அப்புறம் கண்ணால் பார்த்த தலைமுறை எங்களுடையது. காதில் மட்டும் விழுந்தாலும் புரிகிற வசனம் நின்றது.

அதே 1984இல்தான் ‘வைதேகி காத்திருந்தாள்’ வந்தது. பரட்டையின் பக்கத்தில் நின்ற கவுண்டமணி ஏழு வருஷத்தில் ஆல் இன் ஆல் அழகுராஜா ஆகியிருந்தார். பெட்ரோமாக்ஸ் விளக்கில் மேண்டில் என்று ஒன்று இருக்கும். வலைப்பை மாதிரி துணி. ஒரு தடவை எரித்துவிட்டால் வெறும் சாம்பல்தான், ஆனால் உருவம் கலையாமல் தொங்கிக்கொண்டு, அந்தச் சாம்பல்தான் பளீரென்று வெளிச்சம் தரும். விரல் பட்டால் பொடிந்துவிடும். கல்யாண வீட்டில் விளக்கைத் தூக்கி வருகிறவன் எவ்வளவு பதமாக நடப்பான் என்பதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். இதில் எப்படி அண்ணே வெளிச்சம் வரும் என்று கேட்டுக்கொண்டே செந்தில் அதைத் தொட்டுப் பொடியாக்குவார். பிறகு வாடகைக்கு விளக்குக் கேட்டு வந்தவரிடம் அழகுராஜா கேட்பார்: “பெட்ரோமாக்ஸ் லைட்டேதான் வேணுமா?” அந்த ‘-ஏதான்’தான் வசனத்தின் உயிர். கையில் சரக்கு இல்லாத கடைக்காரன் எவனும், வாக்குக் கொடுத்துவிட்டு நிறைவேற்ற முடியாத எவனும் சொல்லக்கூடிய வார்த்தை. பெட்ரோமாக்ஸ் விளக்கு இன்று கிராமத்திலும் இல்லை. கேள்வி மட்டும் இருக்கிறது. சத்யராஜ் 1985இல் ‘காக்கிச் சட்டை’யில் “தகடு… தகடு…” என்று ஒரே சொல்லை உருட்டி உருட்டிச் சொன்னதும் இந்த வரிசைதான். மனோரமா ‘சம்சாரம் அது மின்சாரம்’ படத்தின் கண்ணம்மாவாகச் சென்னைத் தமிழில் போட்ட “கம்முனு கெட” என்ற அதட்டலும் 1986இல் வீட்டுக்கு வீடு கேட்டது.

1985 ஆகஸ்டில் ‘முதல் மரியாதை’. பாரதிராஜா இயக்கம், ஆர். செல்வராஜ் வசனம். நாயகன் சிவாஜி கணேசன். முப்பத்து மூன்று ஆண்டுக்கு முன் நீதிமன்றத்தை அதிர வைத்த அதே தொண்டை, ஆற்றங்கரையில் உட்கார்ந்து கேலியும் கிண்டலுமாகப் பேசுகிறது. பாதி வாக்கியத்தை முழுங்கிவிடுகிறது. நெடுங்காலம் கர்ஜித்த ஒருவர் தாழ்ந்து பேசும்போது அதில் வரும் கனம் வேறு எவருக்கும் வராது. அந்தப் படத்தில் ஊர் வாய்க்கு வந்த வரி அவருடையது அல்ல என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஏ.கே. வீராச்சாமி என்ற துணை நடிகர் வந்து நின்று, “எனக்கு ஒரு உண்மை தெரிஞ்சாகணும்” என்று கேட்டது தமிழ்நாடு முழுக்கப் பரவியது. கட்டபொம்மன் காலத்தில் நடக்கக்கூடிய காரியமா இது? நடிகர் திலகம் எதிரே இருக்க, ஓரத்தில் வந்து போகிறவரின் வரியை ஊர் எடுத்துக்கொள்கிறது.

வசந்திக்கு பதில் சொன்ன பெண் 1986 ஆகஸ்டில் வந்தாள். ‘மௌன ராகம்’ திவ்யா. மணிரத்னம் எழுதி இயக்கிய படம். கார்த்திக் பெண்ணின் தகப்பனாரைப் பொது இடத்தில் “மிஸ்டர் சந்திரமௌலி!” என்று கூப்பிட்டதைத்தான் கல்லூரிப் பையன்கள் எடுத்துக்கொண்டார்கள். தகப்பனாராக நடித்த ரா. சங்கரன் முகத்தில் ஓடும் குழப்பம் அந்த வரிக்குப் பாதி பலம். பெண்கள் எடுத்துக்கொண்டது வேறு. நீங்கள் தொட்டால் கம்பளிப்பூச்சி ஊர்கிற மாதிரி இருக்கிறது என்று கட்டிய கணவனிடம் ரேவதி சொல்கிறாள். கத்தவில்லை, அழவில்லை. முருங்கை மரத்தடியில் விளையாடிய எந்தப் பிள்ளைக்கும் கம்பளிப்பூச்சியின் அரிப்பு தெரியும். மாமியாரிடமோ அம்மாவிடமோ சொல்ல வாய் வராத ஒன்றுக்கு, எல்லோர் உடம்புக்கும் தெரிந்த ஒரு பூச்சி பெயராகக் கிடைத்தது. நாங்கள் பார்த்த காட்சியில் பெண்கள் பகுதியில் இருந்து ஒரு சின்னச் சலசலப்பு எழுந்து அடங்கியது. சிரிப்பு இல்லை. என் அக்கா அன்று வீடு வரும்வரை எதுவும் பேசவில்லை.

1987 தீபாவளிக்கு ‘நாயகன்’. மணிரத்னத்துக்கு வசனம் எழுதியவர் பாலகுமாரன். பக்கம் பக்கமாக எழுதி வாசகர்களைக் கட்டிப்போட்ட நாவலாசிரியர் அவர். அந்தப் படத்தில் அவர் கையைக் கட்டிக்கொண்டு எழுதினார். விலைமாதர் விடுதிக்கு வந்து சேர்ந்த சிறுபெண், நாளைக்குக் கணக்குப் பரீட்சை, சீக்கிரம் விட்டுவிடுவீர்களா என்று கேட்கிறாள். அதற்குமேல் அவள் கதையைச் சொல்ல ஒரு வரியும் வேண்டியிருக்கவில்லை. நாலு பேருக்கு நல்லது என்றால் எதுவும் தப்பில்லை என்கிற வார்த்தையோ வேலு நாயக்கர் வாழ்க்கை முழுக்க நிழலாகக் கூட வருகிறது. அதைச் சொல்லித்தான் ஒவ்வொன்றையும் செய்கிறார்.

வழக்கும் நீதிமன்றமுமாகப் படம் முடியப்போகும் கட்டத்தில், பேரன் கேட்கிறான்: “நீங்க நல்லவரா, கெட்டவரா?”

‘பராசக்தி’யின் குணசேகரனிடம் இதைக் கேட்டிருந்தால் பதில் அரை மணி நேரம் வந்திருக்கும். யார் குற்றம், எதனால் குற்றம் என்று அவனுக்கு ஐயமில்லாமல் தெரியும். அந்தக் காலத்துக்கு அந்தத் தெளிவு தேவையாகவும் இருந்தது. வேலு நாயக்கர் யோசிக்கிறார். பையன் முகத்தைப் பார்க்கிறார். கமல் அந்தச் சொல்லை முழுக் குரலில் சொல்லவில்லை. பாதி காற்றாக வருகிறது.

“தெரியலையே.”

திருநெல்வேலியில் ஒரு மாலைக் காட்சியில் அதை முதன்முதலாகக் கேட்டேன். அரங்கு நிறைந்த கூட்டம், அதுவரை விசிலும் கைதட்டலுமாக இருந்த கூட்டம், அந்த ஒரு சொல்லுக்குச் சத்தமில்லாமல் போய்விட்டது. எனக்கு முன் வரிசையில் அப்பா மடியில் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பையன் மட்டும், “என்னப்பா சொன்னாரு?” என்று கேட்டது காதில் விழுந்தது.

(தொடரும்)